புள்ளிகளுக்குப் பின்னால் ஒரே எண்: ஷெல் ஸ்கிரிப்ட் ஐபி வீச்சை எப்படிக் கணக்கிடுகிறது?

கொக்குவிலில் ஒரு ரியூசன் நிலையம். கணினி வகுப்புப் பிள்ளைகளின் கணினிகளுக்கு 192.168.10.20 முதல் 192.168.10.50 வரை ஐபி முகவரி (வலையமைப்பில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்) ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டரை இந்த 31 கணினிகள் மட்டுமே பாவிக்கலாம். வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிற தம்பி அதற்கொரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக அடுக்கிய சிறு நிரல், எழுதுகிறார்: வந்த முகவரி தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் இருந்தால் விடு, இல்லாவிட்டால் மறி. பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் 192.168.10.200 என்ற முகவரியும் உள்ளே போய்விடுகிறது. 192.168.10.3-உம் போகிறது.

ஷெல்லுக்கு எல்லாமே எழுத்து. இரண்டு முகவரிகளை எழுத்தாக ஒப்பிடச் சொன்னால் அகராதிக்காரர் மாதிரி இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு போகும். 200-இன் முதல் இலக்கம் 2, 50-இன் முதல் இலக்கம் 5. இரண்டு ஐந்தை விடச் சிறிது, ஆகவே 200 சிறிது. கதை அங்கேயே முடிந்துவிடும்.

இங்கே பார்க்கும் ஐபி முகவரி (பதிப்பு 4) உண்மையில் நான்கு எண்களே அல்ல; 32 பிற்றுகள், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள், கொண்ட ஒரே எண். மனிதர் வாசிக்க வசதியாக அதை எட்டு எட்டுப் பிற்றுகளாக வெட்டி, நடுவில் புள்ளி வைத்து எழுதுகிறோம், அவ்வளவுதான். 192.168.10.70-ஐ எடுங்கள். 192-ஐ 16,777,216-ஆலும், 168-ஐ 65,536-ஆலும், 10-ஐ 256-ஆலும் பெருக்கி, மிச்சம் 70-ஐயும் கூட்டினால் 3,232,238,150 வரும். இந்த எண்ணைக் கையில் எடுத்துவிட்டால் "இடையில் இருக்கிறதா" என்ற கேள்வி சாதாரணக் கழித்தல் கணக்காகிவிடுகிறது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த பிள்ளைகளுக்கு இந்தத் துவிதக் கணக்கெல்லாம் பழக்கமானது. அதை ஸ்கிரிப்டுக்குள் கொண்டுவரும்போதுதான் சில இடங்களில் கால் இடறும்.

முகவரியைப் பிரிப்பது சுலபம். எழுத்தை எந்தக் குறியில் உடைப்பது என்று ஷெல்லுக்குச் சொல்லும் ஐஎஃப்எஸ் (IFS) என்ற மாறிக்குப் புள்ளியைக் கொடுத்து ரீட் கட்டளையை ஓடவிட்டால் நான்கு துண்டுகளும் நான்கு மாறிகளில் வந்து விழும். அந்த ஒரு வரிக்கு மட்டும் ஐஎஃப்எஸ்ஸை மாற்றுங்கள். பொதுவாக மாற்றிவைத்தால் ஸ்கிரிப்டின் மற்ற இடங்களில் சொற்கள் கண்டபடி உடையும். அப்புறம் முதல் துண்டை 24 பிற்று, இரண்டாவதை 16, மூன்றாவதை 8 என்று இடப்பக்கம் நகர்த்தி (மேலே பெருக்கியதும் இதுவேதான்), நான்காவதையும் கூட்டினால் எண் தயார்.

இங்கே ஒரு பொல்லாத பொறி இருக்கிறது. அட்டவணையில் வரிசை அழகாக நிற்கட்டும் என்று சிலர் 192.168.010.070 என்று பூச்சியம் சேர்த்து எழுதுவார்கள். பரவலாகப் பாவிக்கப்படும் பாஷ் (bash) என்ற ஷெல்லின் கணக்கில் பூச்சியத்தில் தொடங்கும் எண் என்றால் எண்ம எண், அதாவது எட்டை அடியாகக் கொண்டது. அதனால் 010 என்பது 8 ஆகிறது, 070 என்பது 56 ஆகிறது. நீங்கள் எழுதிய முகவரி ஒன்று, ஸ்கிரிப்ட் கணக்கிடுவது 192.168.8.56. எந்த எச்சரிக்கையும் வராது. 08, 09 என்று வந்தால் மட்டும், எண்மத்தில் அந்த இலக்கங்களே இல்லாததால், பிழை காட்டி நிற்கும். நிற்பது எவ்வளவோ மேல். $((10#070)) என்று முன்னால் 10# போட்டுவிட்டால் பாஷ் அதைப் பதின்மமாகவே எடுத்துக்கொள்ளும். பைதான் என்ற நிரல் மொழியின் ஐபி முகவரி நூலகத்திலேயே முன்பூச்சியங்களைக் கையாளும் விதம் 2021-இல் பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. இப்போது அது அப்படிப்பட்ட முகவரிகளை ஏற்க மறுக்கிறது. நம் ஸ்கிரிப்டும் மறுப்பதே நல்லது என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமான ஒன்று. வெளியிலிருந்து வந்த எழுத்தை அப்படியே பாஷின் $(( )) என்ற கணக்கு அடைப்புக்குள் போடவே கூடாது. அங்கே வருவது எண் இல்லாவிட்டால் பாஷ் அதை ஒரு மாறியின் பெயராகவோ கோவையாகவோ எடுத்து மதிப்பிடும். பொல்லாத ஒருவர் அதற்குள் ஒரு கட்டளையையே ஒளித்து ஓடவைக்க முடியும். ஆகவே முதலில் ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் மட்டும்தான் இருக்கிறதா, 255-ஐத் தாண்டவில்லையா என்று பாருங்கள். கணக்கு அதற்குப் பிறகு.

பாஷ் 64 பிற்றில் கணக்குச் செய்வதால் இந்தப் பெரிய எண்கள் அதற்குச் சும்மா. ஆண்ட்ராய்ட் போனில் இருக்கும் எம்கேஷ் ஷெல்லோ 32 பிற்றில், கழித்தல் குறியோடு கணக்கிடுகிறது. அதே 192.168.10.70 அங்கே -1,062,729,146 ஆகத் தெரியும்.

சரி, முகவரிக்குப் பின்னால் /26 என்று எழுதுகிறார்களே, அந்தச் சாய்கோட்டுக்கு வருவோம். 1981-இன் பழைய முறையில் முகவரித் தொகுதிகள் பெரும்பாலும் மூன்றே அளவில்தான் கிடைத்தன: 256, 65,536, 16,777,216. 300 கணினி வைத்திருந்த நிறுவனத்துக்கு முதலாவது போதாது, இரண்டாவது அநியாயம். 1993-இல் வந்த சைடர் (CIDR) முறை, எல்லைக் கதியாலை எந்தப் பிற்றிலும் நடலாம் என்று ஆக்கியது. 192.168.10.70/26 என்றால் முதல் 26 பிற்று வலையமைப்புக்கு, மிச்சம் 6 பிற்று கணினிகளுக்கு, மொத்தம் 64 முகவரி. 70-ஐத் துவிதத்தில் எழுதினால் 01000110. கடைசி ஆறையும் பூச்சியமாக்கினால் 01000000, அதாவது 64. ஆறையும் ஒன்றாக்கினால் 127. ஆக இந்தத் தொகுதி 192.168.10.64-இல் தொடங்கி 192.168.10.127-இல் முடிகிறது. ஸ்கிரிப்டில் இதைச் செய்வது மாஸ்க், அதாவது வலையமைப்புப் பிற்றுகள் ஒன்றாகவும் மிச்சம் பூச்சியமாகவும் உள்ள எண். 32 பிற்றும் ஒன்றாக உள்ள 4,294,967,295 என்ற எண்ணை இடப்பக்கம் 6 பிற்று நகர்த்தினால் மாஸ்க் வரும். ஆனால் 64 பிற்று ஷெல்லில் மேலே வழிந்த பிற்றுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதே 4,294,967,295-உடன் & செய்து (இரண்டிலும் ஒன்றாக உள்ள பிற்றுகளை மட்டும் வைத்து) வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் மாஸ்க்கைப் புரட்டிக் கடைசி முகவரியைத் தேடினால் விடை எங்கேயோ போய்விடும்.

இனி நம் ரியூசன் நிலையத்தின் 20 முதல் 50 வரை. இந்த வீச்சை ஒரே சாய்கோட்டு எண்ணில் எழுத முடியாது. ஒரு தொகுதியின் அளவு 1, 2, 4, 8, 16 என்றுதான் இருக்கும். தொடக்கமும் அந்த அளவால் மிச்சமின்றி வகுபட வேண்டும். 20-ஐ 4-ஆல் வகுக்கலாம், 8-ஆல் முடியாது. எனவே முதல் துண்டு 20 முதல் 23 வரை, /30. அடுத்து 24-இலிருந்து எட்டு, /29. 32-இலிருந்து 32 எடுத்தால் 50-ஐத் தாண்டிவிடும், ஆகவே பதினாறு, /28. பிறகு 48-உம் 49-உம், /31. கடைசியில் 50 தனியாக, /32. ஐந்து துண்டு, 31 முகவரி. ஒவ்வொரு படியிலும் வகுபடக்கூடிய, எல்லைக்குள் அடங்கக்கூடிய மிகப் பெரிய துண்டை எடு என்பதுதான் முழு உத்தியும்.

ஆசிய பசிபிக் முகவரிகளைப் பகிரும் ஏபிநிக் நிறுவனம் வெளியிடும் கோப்பிலும் இதே வேலைதான் வரும். ஒவ்வொரு வரியிலும் நிலைக்கோடுகளுக்கு இடையில் நாட்டுக் குறியீடு, முகவரி வகை, தொடக்க முகவரி, எத்தனை முகவரி என்று இருக்கும். இலங்கையின் வரிகளை, கேட்ட சொல் உள்ள வரிகளைத் தேடித்தரும் கிரெப் (grep) கட்டளை கொண்டு வடித்தெடுக்கலாம். ஆனால் அங்கே சாய்கோடு இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. அது இரண்டின் அடுக்காகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எனவே துண்டாக்கும் அதே சுழற்சியை அதன்மேல் ஓடவிட வேண்டும்.

ஐபி பதிப்பு 6-க்கு இந்த வழி எட்டாது. அதன் முகவரி 128 பிற்று, ஷெல்லின் எண் 64 பிற்று. இரண்டு பாதியாக வெட்டிக் கணக்கிடலாம்தான், ஆனால் பாதியின் முதல் பிற்று 1 ஆக வந்தால் அது கழித்தல் எண்ணாகி ஒப்பீட்டைக் குழப்பும். அந்த வேலையைப் பைதானிடம் கொடுத்து, வந்த விடையை மட்டும் ஷெல்லில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.