ஒரு பல்லுக்கு ஸ்பெஷலிஸ்ட் வேண்டுமா?

கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி ஒரு நாய் வந்தது. வயது ஒன்பது. பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடிகிறது, நிறுத்திய சில வாரத்தில் மறுபடியும் வந்துவிடுகிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல் கடைவாயில் இருக்கும் பெரிய பல்லின் வெளிப்பக்கம் செதில் பெயர்ந்த மாதிரி உடைந்திருந்தது, நடுவில் ஒரு கரும்புள்ளி. எலும்பு கடித்ததில் உடைந்தது. அந்தப் புள்ளி வழியாகக் கிருமி இறங்கி வேர் நுனியில் சீழ் கட்டியிருக்கிறது. வேர்கள் முடிகிற இடம் கண்ணுக்குக் கீழே என்பதால்தான் வீக்கம் அங்கே தெரிகிறது.

“ஒரு பல்லுக்காக ஸ்பெஷலிஸ்ட்டிடம் போகணுமா டாக்டர்? நீங்களே பிடுங்கிவிடக் கூடாதா?” என்றார் அந்த அம்மா.

பிடுங்கலாம்தான். மூன்று வேர் உள்ள பல் அது. ஈறைத் திறந்து, பல்லை மூன்று துண்டாக அறுத்து, ஒவ்வொரு வேராக எடுக்க வேண்டும். பல் எக்ஸ்ரே கருவியும் கைப்பழக்கமும் இருந்தால் என்னைப் போன்ற பொதுக் கால்நடை மருத்துவரே செய்துவிடலாம். பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ரூட் கெனால். அதற்குத்தான் பல் சிறப்பு மருத்துவர். இளம் நாய், கவ்விப் பிடிக்கும் வேலை செய்கிற நாய் என்றால் அந்தச் செலவு எனக்கு நியாயமாகப் படும். முக்கால்வாசி நேரம் சோபாவில் படுத்திருக்கும் ஒன்பது வயது நாய்க்கு, இருக்கிற 42 பல்லில் ஒன்று போனால் குடி முழுகிவிடாது. அப்படியே விட்டுவிடுவதுதான் கூடாது. “சாப்பிடுதே” என்பார்கள். வலியோடும் சாப்பிடும். இந்த நாய்க்கு உடைந்த பக்கம் மட்டும் காறை தடிப்பாக ஏறியிருந்தது. அந்தப் பக்கம் மெல்லுவதையே அது நிறுத்தி வெகு நாளாகியிருக்கும்.

நான் தயங்காமல் அனுப்பிவைக்கும் கேஸ்களும் உண்டு. சின்ன இன நாய்களின் கீழ்க் கடைவாய்ப்பல் அதில் முதல். தாடை எலும்பு மெலிது, வேரோ கிட்டத்தட்ட அடிவரைக்கும் இறங்கியிருக்கும். ஈறு நோயில் எலும்பும் கரைந்திருந்தால், பிடுங்கும்போது தாடையே முறிந்துவிடலாம். கீழ்க் கோரைப்பல் அண்ணத்தில் குத்தும் குட்டி, வாய் முழுக்க வெந்து கிடக்கிற பூனை, வாய்க்குள் கட்டி, இவையும் அப்படித்தான். இளம் நாயின் பல் இப்போதுதான் உடைந்து உள்ளே சிவப்பாகத் தெரிகிறது என்றால் யோசிக்கவே நேரமில்லை. 48 மணி நேரத்துக்குள் போனால் பல்லை உயிரோடு வைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தொழிலுக்கு வந்த புதிதில் எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு பூனையின் பல்லைப் பிடுங்கினேன். கையோடு வந்தது பாதிதான். பூனைகளுக்குப் பல் தானாகவே கரைகிற நோய் ஒன்று உண்டு, வேர் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். உள்ளே தங்கிய துண்டு சீழ் வைத்து, மறுபடி மயக்கம் கொடுத்து, மறுபடி ஈறைக் கீறி, அந்த வீட்டுக்காரர்களுக்கு இரட்டைச் செலவு வைத்தேன். அதனால் எங்கே போனாலும் சரி, முதலில் கேட்க வேண்டியது பல் எக்ஸ்ரே இருக்கிறதா, பிடுங்கிய பிறகும் ஒரு படம் எடுப்பீர்களா என்பதை. மயக்கத்தில் இருக்கும்போது மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கத் தனியாக ஆள் உண்டா என்றும் கேளுங்கள். சிறப்பு மருத்துவர் பில்லில் ஒரு பகுதி இதற்கும் போகிறது. செலவை முன்கூட்டியே எழுதி வாங்கலாம், ஆனால் மயக்கம் கொடுத்துப் படம் எடுத்த பிறகே முழுக்கணக்கு தெரியும். மயக்கமே இல்லாமல் பல் சுத்தம் செய்கிறோம் என்பவர்களிடம் மட்டும் காசைக் கொடுக்காதீர்கள். வெளியே பளிச்சென்று ஆகும், நோய் இருக்கிற ஈறுக்கு அடியில் கருவி போகாது.

அந்த அம்மா பிடுங்கவே சொன்னார். படத்தில் மூன்று குழியும் காலி என்று பார்த்துவிட்டுத்தான் தையல் போட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது அந்த எக்ஸ்ரேயை ஆசையாக எடுத்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவேயில்லை. “இந்தப் பக்கமும் மெல்லுது டாக்டர்” என்று சொல்லத்தான் வந்திருந்தார்.