இழுவை குறைந்தால் கை முதலில் திருகுக்குப் போக வேண்டாம்

இந்த மாதத்தில் இது நான்காவது இன்ஜின். குளச்சல் பக்கத்துத் தம்பி ஒருவன் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டை, அதாவது படகின் பின்னால் மாட்டும் இன்ஜினை, மினி டெம்போவில் போட்டுக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினான். "இஞ்சினு இழுக்க மாட்டேங்கு அண்ணே. கார்ப்பரேட்டர மட்டும் செட் பண்ணித் தாங்க, சாயங்காலம் வலைக்குப் போணும்" என்றான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அசையவே இல்லை. ஹெட்டைக் கழற்றினால், மேல் சிலிண்டரில் பிஸ்டன் உராய்ந்து, அலுமினியம் சுவரில் அப்பிப் பிடித்திருந்தது.

என்ன நடந்தது என்று கேட்டேன். கரையிலிருந்து ஆறேழு மைல் தள்ளி இழுவை குறைந்திருக்கிறது. நிறுத்தி, மூடியைத் தூக்கி, கார்ப்பரேட்டர் திருகைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறான். நன்றாக ஓடியது. பத்து நிமிடத்தில் மறுபடி குறைந்தது. மறுபடி திருகு. மூன்றாவது தடவை பொறுமை போய், ஆக்சிலேட்டரைக் கடைசிவரை முறுக்கிப் பிடித்தபடி கரையைப் பார்த்து விட்டிருக்கிறான். பாதி வழியில் 'டக்' என்று நின்றுவிட்டது. பக்கத்துப் படகு கட்டி இழுத்து வந்தது.

காரணம் எது தெரியுமா? இன்ஜினில் எண்ணெய் (எரிபொருளைத்தான் எண்ணெய் என்கிறேன்) ஹோஸ் மாட்டும் கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் ஓ-ரிங். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. வெடித்து, காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு டீ குடிக்கும் காசில் முடிந்திருக்க வேண்டியது, இப்போது சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து), பிஸ்டன், ரிங், கேஸ்கெட் என்று போய் நிற்கிறது.

எனக்கு வருமானம்தான். இப்படியெல்லாம் எழுதி நம்ம பிழைப்பில் நீயே மண்ணைப் போடாதே என்று பட்டறையில் கூட இருப்பவர் சொல்கிறார். இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தத் திருகைப் பற்றி முதலில் பேசித் தீர்த்துவிடுவோம். கார்ப்பரேட்டர் பக்கவாட்டில், ஸ்பிரிங் போட்டு, கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு திருகு இருக்கிறதே, அது ஐட்லிங்குக்கானது. இன்ஜின் மெதுவாக ஓடும்போதும், ஆக்சிலேட்டர் கால்வாசி திறக்கும் வரையிலும்தான் அதற்கு வேலை. நீங்கள் முழு ஆக்சிலேட்டரில் போகும்போது எண்ணெய் வருவது மெயின் ஜெட் வழியாக. அது கார்ப்பரேட்டருக்கு உள்ளே இருக்கும் பித்தளைத் துண்டு. அதன் துளை எவ்வளவோ அவ்வளவுதான் எண்ணெய். வெளியே இருக்கும் திருகை ஒரு சுற்று திருப்பினாலும் ஒன்பது சுற்று திருப்பினாலும் மெயின் ஜெட்டுக்கு அது தெரியாது. முழு வேகத்தில் இழுவை போனதற்கு ஐட்லிங் திருகைத் திருப்புவது, கூரை ஒழுகுகிறது என்று திண்ணையைப் பூசுகிற வேலை.

"இல்லண்ணே, திருப்பினதும் ஓடிச்சே!" ஓடும். ஏன் ஓடியது என்று யாரும் யோசிப்பதில்லை. திருகைத் திருப்ப இன்ஜினை நிறுத்தினீர்கள். டேங்க் மூடியில் காற்று போகும் வழி அடைத்திருந்தால், அந்த ஐந்து நிமிடத்தில் உள்ளே மெல்லக் காற்று இறங்கியிருக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ண ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் பல்பை நாலு தடவை அமுக்கினீர்கள். கார்ப்பரேட்டர் கிண்ணம் நிறைந்தது. அந்த எண்ணெய் தீரும் வரை ஓடியது. பெயர் திருகுக்குப் போனது. இதுதான் முழுக் கதை. இருபது வருடமாக இந்தக் கரையில் இந்தத் திருகு சும்மா பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறது. இதோடு முடியாது. திருப்பித் திருப்பி, பழைய இடம் எது என்றே தெரியாமல் ஆக்கிக் கொண்டுவருவீர்கள். அப்புறம் ஐட்லிங்கும் நிற்காது. ஒரு கோளாறோடு வந்த இன்ஜின் இரண்டு கோளாறோடு நிற்கும்.

பிஸ்டன் ஏன் பிடித்தது? இந்த மாதிரிச் சின்ன டூ ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் ஆயிலுக்குத் தனித் தொட்டி இல்லை. எரிபொருளோடு கலந்துதான் ஆயில் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்று அர்த்தம். கலவை மெலிந்து சூடு ஏறுகிற அதே நேரத்தில் வழவழப்பும் இல்லாமல் போகிறது. அந்த நிலையில் முறுக்கினால் வேறென்ன ஆகும்? இழுவை குறைந்தால் ஆக்சிலேட்டரைக் குறைக்க வேண்டும். கூட்டக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் வீட்டில் படகோட்டப் பழகும் பையன்களிடம் சொல்லிவையுங்கள்.

சரி, அப்புறம் எங்கே பார்ப்பது? காதைக் கொடுங்கள். படகு மெதுவாகப் போகிறது. இன்ஜின் எப்படிச் சத்தம் போடுகிறது? கீச்சென்று வேகமாகச் சுற்றியும் படகு நகரவில்லை என்றால் நோய் இன்ஜினில் இல்லை, கீழே புரொப்பல்லரில் இருக்கிறது. சத்தமும் சேர்ந்து அமுங்கிவிட்டது என்றால்தான் எண்ணெய், பிளக், சூடு என்று தேட வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாலே எனக்குப் பாதி வேலை மிச்சம். பட்டறைக்கு வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குப் பதில் தெரியாது.

புரொப்பல்லர் கதை சின்னது. நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். பாறையிலோ மரத்திலோ தட்டினால் அது விட்டுக்கொடுக்கும், பிறகு வழுக்க ஆரம்பிக்கும். நடுக்குழாயிலிருந்து வெளிவளையம் வரை பெயின்டால் ஒரு நேர்கோடு போட்டு ஒரு ஓட்டம் போய் வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. கையோடு புரொப்பல்லரைக் கழற்றிப் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். நரம்பு அங்கே இருக்கும் ஆயில் சீலை (தண்ணீர் ஏறாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை) அறுத்துவிட்டால் கியர் ஆயில் பால் மாதிரி வெள்ளையாக வரும், தண்ணீர் ஏறிவிட்டது. தங்குதளத்தில் தண்ணீரிலேயே கட்டிப்போடும் படகாக இருந்தால் அடியில் ஓடு போல ஒட்டிப் பிடிக்கும் கொட்டலசும் பாசியும் எவ்வளவு என்றும் பாருங்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, சுரண்ட வேண்டியது நீங்கள்தான். இதில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் இன்ஜினை நிறுத்தி, இன்ஜின் ஓடாமல் தடுக்கும் சிவப்பு லாக் கயிற்றை உருவிவிடுங்கள். ஓடுகிற இன்ஜினில் கையால் நரம்பு எடுக்கப் போனவர் ஒருவர் எங்கள் ஊரிலேயே மூன்று விரலோடு இருக்கிறார்.

சத்தம் அமுங்கும் இன்ஜினுக்கு முதல் வைத்தியம் அந்த ரப்பர் பல்புதான். இழுவை குறைகிற அந்த நேரத்திலேயே பல்பைக் கையில் பிடித்துப் பாருங்கள். சப்பிப்போய்த் தட்டையாக இருக்கிறதா? டேங்கிலிருந்து எண்ணெய் வரவில்லை. மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? திறக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கால் மணி நேரம் ஜோராக ஓடும், பிறகு அமுங்கும், நிறுத்திவைத்தால் மறுபடி ஓடும். திருகும் திறந்திருந்தால் டேங்குக்குள் உறிஞ்சும் குழாயில் இருக்கும் வலை அடைத்திருக்கும். பல்பு சப்பவில்லை, தொளதொளவென்று இருக்கிறது, விட்டுவிட்டு அமுக்கினால் இன்ஜின் எழும்புகிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது எண்ணெய்ப் பம்பின் டயாப்ரம், அதாவது உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு, கிழிந்திருக்கிறது. கனெக்டர், ஓ-ரிங், ஹோஸ் மடியும் இடம் என்று வரிசையாகப் பாருங்கள். பல்பை அமுக்கி அமுக்கி மெதுவாகக் கரை சேரலாம். அப்படிச் சேர்ந்தவர்கள் உண்டு.

பல்பு நன்றாக இருந்தும் இழுவை இல்லையா? கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடியுங்கள். அடியில் முட்டை முட்டையாக உருண்டால் அது தண்ணீர். மானிய மண்ணெண்ணெய் பேரலில் வருகிறது, கரையில் கேனுக்குக் கேன் மாறுகிறது, தண்ணீர் ஏறத்தான் செய்யும். ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, கேனின் அடியில் இருக்கும் நாலு விரல் எண்ணெயை டேங்கில் கவிழ்க்காமல் இருந்தால் போதும். மெயின் ஜெட் அடைத்திருந்தால் காற்றால் ஊதுங்கள். ஊசியையும் பிளக் வயரின் கம்பியையும் விட்டுக் குடையாதீர்கள், தயவுசெய்து! பித்தளைத் துளை அகன்றுவிட்டால் பிறகு புகைதான் கக்கும்.

இரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் ஓடும், கிழவன் மேடு ஏறுகிற மாதிரி. இரண்டு பிளக்கையும் கழற்றி, எது மேல் எது கீழ் என்று மாறாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பழுப்பு நல்லது. ஒன்று மட்டும் கருப்பாக நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் தீப்பொறி இல்லை. வெள்ளையாக வெந்திருந்தால் கலவை மெலிந்து சூடு ஏறுகிறது. பீங்கானில் வெள்ளிப்பொடி தூவியது போலச் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் உருகி வந்தது. அன்றைக்கு இன்ஜினை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள். குளிரில் நன்றாக ஓடி, அரைமணி நேரம் கழித்து ஒரு சிலிண்டர் செத்துப்போகிறது என்றால் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் பக்கம் சந்தேகப்படலாம். அதைச் சூடாக இருக்கும்போதே மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ஆறிப்போன இன்ஜினில் பார்த்துவிட்டு 'காயில் சரியாத்தான் இருக்கு' என்று அனுப்புகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள், என் தொழில்காரர்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் பின்னால் மூத்திரம் மாதிரி பீச்சுகிற தண்ணீரைக் கவனியுங்கள். அது மெலிந்தாலோ கொதித்தாலோ நிறுத்துங்கள். பாதி நேரம் பிளாஸ்டிக் கவர்தான் தண்ணீர் உறிஞ்சும் வாயில் ஒட்டியிருக்கும். இல்லையென்றால் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர். கரையில் தண்ணீர் இல்லாமல் 'சும்மா ஒரு நிமிஷம்' ஓட்டிப் பார்ப்பது அந்த ரப்பர் இம்பெல்லரைக் கொல்லும் வேலை. அதை வருஷத்துக்கு ஒரு தரம் மாற்றுங்கள்.

ஆயில் விஷயம் ஒன்று பாக்கி. "கொஞ்சம் கூட ஊத்தினா இஞ்சினுக்கு நல்லதுதானே" என்று ஊற்றுகிறீர்கள். ஜெட் வழியாகப் போகும் அளவு மாறாது. ஆயில் கூடினால் அந்த அளவுக்கு எரிபொருள் குறைகிறது, கலவை மெலிகிறது. மிச்ச ஆயில் கரியாகி ரிங்கைப் பிஸ்டன் காடியோடு சேர்த்து ஒட்டுகிறது, கம்ப்ரஷன் போகிறது. பெட்ரோலில் 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, அவ்வளவுதான். மண்ணெண்ணெய்க்கு உங்கள் இன்ஜின் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு. பைக் ஆயில் வேண்டாம், படகு இன்ஜினுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயில்.

மண்ணெண்ணெய் இன்ஜின்காரர்களுக்கு இன்னொன்று: பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறீர்கள், சரி. நிறுத்தும்போது ஏன் மறக்கிறீர்கள்? கரை நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாற்றி, கிண்ணத்தில் இருக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தபின் நிறுத்துங்கள். இல்லையென்றால் மறுநாள் விடியற்காலையில் குளிர்ந்த மண்ணெண்ணெயில் கயிற்றை இழுத்து இழுத்து, சிலிண்டர் சுவரில் இருக்கும் கொஞ்ச ஆயிலையும் கழுவிவிடுகிறீர்கள். ஆனி ஆடியில் கடல் அடித்து வாரக்கணக்கில் சும்மா கிடந்த இன்ஜினை எடுக்கும்போது நான் திறக்கும் கார்ப்பரேட்டரில் முக்கால்வாசி, மிச்சம் நின்ற மண்ணெண்ணெய் காய்ந்து ஆன பிசின்தான்.

இரண்டு பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு ஓ-ரிங், ஒரு முழம் ஹோஸ், இரண்டு கிளிப். இவ்வளவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடங்கும். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள், தலைக்கு வைத்துப் படுக்க அல்ல. இன்ஜின் கிளம்பவே இல்லை, நீவாடு (கடல் நீரோட்டம்) வெளியே இழுக்கிறது என்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, சிக்னல் இருக்கும்போதே 1554க்குக் கூப்பிடுங்கள், கடலோரக் காவல்படை. கௌரவம் பார்த்து இருட்டும் வரை கயிறு இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். வீட்டில் விளக்கு வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பட்டறைக்கு வரும்போது இன்ஜினை மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். டேங்க், ஹோஸ், பல்பு, கழற்றிய பிளக் எல்லாம் கூட வரட்டும். பிளக்கைத் துடைக்காமல் கொண்டுவாருங்கள். திருகைத் தொட்டிருந்தால், தொட்டேன் என்று சொல்லிவிடுங்கள். திட்டுவேன்தான், ஆனால் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.