பணவீக்கம்: வீங்குவது பணமா, விலையா?

‘இன்ஃப்ளேஷன்’ என்ற சொல்லைத் தமிழில் பணவீக்கம் என்கிறோம். பாடநூலுக்கும் வங்கி அறிக்கைக்கும் அது சரிதான். ஆனால் பெட்ரோல் விலை ஏறி ஒரு குடும்பத்தின் மாதச் செலவு கைமீறிப் போவதை அந்தச் சொல் பாதிதான் சொல்கிறது. ஏன் என்று தெரிய, சொல் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

லத்தீனில் ‘இன்ஃப்ளாரே’ என்றால் உள்ளே ஊதுவது. அதிலிருந்து வந்த இன்ஃப்ளேஷன், ஆங்கிலத்தில் முதலில் உடம்பு உப்புவதையும் வீங்குவதையும்தான் குறித்தது. அதைக் காசுக்குப் பொருத்தியதில் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பணம் போதாமல், 1862-இல் லிங்கன் அரசு தங்கமாக மாற்றித் தராத காகித நோட்டுகளை அச்சிட்டது. பின்பக்கம் பச்சை மையில் இருந்ததால் ‘கிரீன்பேக்’ என்று பெயர். போர் முடிந்த பிறகும் அந்த நோட்டுகளைக் கூட்டுவதா குறைப்பதா என்ற சண்டை ஓயவில்லை. 1874-இல் நோட்டுப் புழக்கத்தைக் கூட்டச் சொல்லி அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவுக்கு ‘இன்ஃப்ளேஷன் மசோதா’ என்றே பெயர் விழுந்தது. அதிபர் கிராண்ட் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அன்றைக்கு வீங்கியது நோட்டு. விலை ஏறியது அதன் விளைவு. காலப்போக்கில் விளைவுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலம் கைவிட்ட அந்தப் பழைய பொருளைத் தமிழ்ச் சொல் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. பணம் வீங்குகிறது என்கிறோம். வீக்கம் என்றாலே இன்று நோய்தான் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் பெருகிய நீரை ‘வீங்குநீர்’ என்றபோது அந்தச் சாயல் கிடையாது. எப்படியோ, இந்த இடத்துக்கு நோயின் சாயல் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

இப்போது 2022 ஜூன் மாத அமெரிக்காவுக்கு வருவோம். தொழிலாளர் புள்ளியியல் துறை வெளியிட்ட கணக்கில் நுகர்வோர் விலைக் குறியீடு (குடும்பங்கள் வழக்கமாக வாங்கும் ஒரு கூடைப் பொருள்களின் விலையை அளக்கும் எண்) ஓராண்டில் 9.1 சதவீதம் ஏறியிருந்தது. 1981-க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. பெட்ரோல் மட்டும் ஏறத்தாழ 60 சதவீதம். நாடு முழுவதும் சராசரி விலை முதல் முறையாக கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஒரு கேலன் ஏறத்தாழ 3.8 லிட்டர். கொரோனாக் கால நிவாரணக் காசோலைகள், சரக்குத் தட்டுப்பாடு, உக்ரைன் போர் எல்லாமே காரணம். எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் பொருளாதார அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அந்த ஆண்டு பெட்ரோல் ஏறியதற்குப் பெரிய காரணம் கச்சா எண்ணெய். டாலர் நோட்டு பெருகியது மட்டும் அல்ல.

(ஒரு சின்ன எச்சரிக்கை: அங்கே பெட்ரோலை ‘கேஸ்’ என்பார்கள், கேஸோலின் என்பதன் சுருக்கம். அங்குள்ள நம்மவர் ‘கேஸ் போட்டுட்டு வர்றேன்’ என்றால் சமையல் சிலிண்டரை நினைத்துக்கொள்ளக் கூடாது.)

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வேலைக்குப் போக 40 மைல், வர 40 மைல். கேலனுக்கு 25 மைல் ஓடும் கார். நாளுக்கு 3.2 கேலன், கேலன் 5 டாலர் என்றால் 16 டாலர். மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7.25 டாலர்தான். அந்தக் கூலிக்காரர் முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தன் காருக்காகவே உழைக்கிறார். பேருந்தில் போகலாமே என்றால், பல ஊர்களில் பேருந்தே கிடையாது. அதனால் விலை ஏறினாலும் பெட்ரோல் போடுவதைக் குறைக்க முடியாது. குறைவது சாப்பாட்டுச் செலவோ, தள்ளிப்போடும் பல் சிகிச்சையோதான். கையில் காசு குறைவாக உள்ளவருக்குப் பெட்ரோல் பங்க்கிலேயே ஒரு தொல்லை வேறு. கார்டைச் செருகியதும், எவ்வளவு போடப் போகிறோம் என்று தெரியாததால் நூறு டாலருக்கு மேல்கூட வங்கி சிறிது நேரம் பிடித்து வைக்கும். போட்டது 20 டாலருக்காக இருந்தாலும் சரி.

டீசல் ஏறினால் அடி வேறு வழியில் வரும். அங்கே கடைக்குப் போகும் சரக்கில் பெரும்பகுதி லாரியில்தான் போகிறது. பால், முட்டை, ரொட்டி எல்லாவற்றிலும் டீசல் விலை ஒளிந்திருக்கும். மெய்ன் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயும் கிட்டத்தட்ட டீசலேதான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ‘கோர் இன்ஃப்ளேஷன்’. உணவையும் எரிபொருளையும் கழித்துவிட்டுப் போடும் கணக்கு அது. அவை இரண்டும் தாறுமாறாக ஏறி இறங்குவதால், நீண்டகாலப் போக்கைப் பார்க்க அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு அது உதவுகிறது, நியாயமான காரணம்தான். ஆனால் சாப்பிடாமலும் வண்டி ஓட்டாமலும் வாழும் குடும்பத்துக்குத்தானே அது பொருந்தும்! தமிழில் இதை ‘அடிப்படைப் பணவீக்கம்’ என்று எழுதும்போது குழப்பம் கூடுகிறது. நமக்கு அடிப்படை என்றால் முதலில் சோறு. ‘உணவு, எரிபொருள் நீங்கிய விலை உயர்வு’ என்று நீட்டி எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, அப்படியானால் எந்தச் சொல்லை எங்கே போடுவது? நோட்டுப் புழக்கம், வட்டி விகிதம், மத்திய வங்கி பற்றி எழுதும்போது பணவீக்கம் இருக்கட்டும். குடும்பச் செலவைப் பற்றி எழுதும்போது விலைவாசி உயர்வு என்பதே நேரானது. எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கியதல்ல, கடைத்தெருவில் எல்லோர் வாயிலும் இருப்பது.

இன்னொரு தவறும் அடிக்கடி கண்ணில் படுகிறது. 2023 ஜூனில் அந்த 9.1 சதவீதம் 3 சதவீதமாக இறங்கியபோது ‘அமெரிக்காவில் விலைவாசி குறைந்தது’ என்று எழுதினால் அது பிழை. குறைந்தது ஏறும் வேகம் மட்டுமே. 2021 ஜூனில் 100 டாலருக்கு வாங்கிய சாமான்கள் 2022-இல் ஏறத்தாழ 109 டாலர், 2023-இல் 112 டாலர். பெட்ரோல் இறங்கியது உண்மை, ஆனால் மொத்தக் கூடையின் விலை இறங்கவில்லை. ‘விலை உயர்வு மட்டுப்பட்டது’ என்பது சரியான தலைப்பு. பொதுவாக எல்லா விலையும் இறங்கினால் அதற்குப் பணவாட்டம் என்று தனிச் சொல் இருக்கிறது. 1930-களின் பெருமந்தக் காலத்தில் அமெரிக்கா அதையும் பார்த்தது, அப்போது விலையோடு சேர்ந்து வேலையும் கூலியும் போயின.