சாவிக்குள் ஒரு மின்தடை

காரின் இக்னிஷன் பூட்டு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும், அது செய்யும் வேலை பின்னாலுள்ள ஒரு சுவிட்சைத் திருப்புவது மட்டுமே. ஆகவே ஸ்டீயரிங் தண்டின் உறையை உடைத்துப் பூட்டைப் பெயர்த்துவிட்டால், சாவியே இல்லாமல் அந்தச் சுவிட்சைத் திருப்பிவிடலாம். இந்த ஓட்டையை அடைக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986ஆம் ஆண்டின் செவ்ரொலே கார்வெட் காரில் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

அதன் சாவித் தகட்டில் சிறிய கறுப்பு வில்லை ஒன்று பதிந்திருக்கும். அதற்குள் இருப்பது மின்னோட்டத்தைக் குறைக்கும் சிறு உறுப்பான சாதாரண மின்தடை; பாட்டரியோ மின்னணுச் சில்லோ கிடையாது. சாவியைத் திருப்பும்போது பூட்டுக்குள் உள்ள இரண்டு தொடுமுனைகள் வில்லையின் இருபுறத்தையும் தொட, அதன் வழியே சிறு மின்னோட்டம் பாய்கிறது. காரிலுள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தத் தடையை அளந்து, தனக்குரிய மதிப்போடு ஒப்பிடுகிறது. பொருந்தினால்தான் எஞ்சினைச் சுழற்றித் தொடங்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கான ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், இணையும். எஞ்சின் கணினிக்கும் குறிப்பிட்ட அதிர்வெண் கொண்ட அனுமதிச் சைகை போகும். அந்தச் சைகை வராதவரை இன்ஜெக்டர்கள் எரிபொருளைத் தெளிப்பதில்லை என்பதால், திருடன் ஸ்டார்ட்டருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தாலும் எஞ்சின் வெறுமனே சுழலுமே தவிர ஓடாது.

தடை மதிப்புகள் 402 ஓமில் தொடங்கி 11,800 ஓம் வரை மொத்தம் 15 மட்டுமே. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகம். தொடுமுனையில் படியும் அழுக்கும் வெப்பநிலை மாற்றமும் அளவைச் சற்றே பிறழச் செய்யும் என்பதால், அடுத்தடுத்த மதிப்புகளுக்கிடையே இத்தனை இடைவெளி தேவைப்பட்டது. ஆனால் 15 என்பது ரகசியம் என்று சொல்லத்தக்க எண்ணே அல்ல; உண்மையான காவல் வேறிடத்தில் இருக்கிறது. தவறான மதிப்பைக் கண்டதும் பெட்டி சில நிமிடங்களுக்குத் தன்னைப் பூட்டிக்கொள்கிறது. அந்த இடைவெளியில் சரியான சாவியைப் போட்டாலும் பயனில்லை. ஒரு தவறுக்கு 4 நிமிடம் என்று கொண்டால், கடைசி முயற்சியில்தான் சரியான மதிப்பு சிக்குமானால் காத்திருப்பு மட்டுமே 56 நிமிடம். தெருவோரத்தில் நிற்கும் காருக்குள் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க எந்தத் திருடனுக்குத் துணிவு வரும்?

இந்த அமைப்பின் பலவீனம் தொடுமுனைகளிலிருந்து பெட்டிக்குச் செல்லும் இரண்டு மெல்லிய கம்பிகளில் இருந்தது. சாவியைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பூட்டோடு சேர்ந்து அவையும் வளைந்து நிமிர்வதால், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளே இழைகள் அறுந்துபோகும். அப்போது தடை எல்லையற்றதாகத் தோன்ற, பெட்டி உரிமையாளரையே திருடனாகக் கருதிவிடும். சாவியின் தடையை ஓம் மீட்டரால் அளந்து, அதே மதிப்புள்ள மின்தடை ஒன்றைக் கம்பிகளின் மறுமுனையில் நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுவது பலர் கண்ட குறுக்குவழி. கார் மறுபடி ஓடும். பூட்டைப் பெயர்த்துச் சுவிட்சைத் திருப்புபவருக்கும் அது அப்படியே ஓடும்.