மகப்பேற்றுக் கட்டாயம்: சொல்லும் சட்டமும்

மாத்திரை அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போடுவது, காப்பர்-டியை எடுத்துவிட்டு வா என்று அடிப்பது, பெண் கரு என்று தெரிந்தால் கலைக்க இழுத்துப் போவது: இத்தனைக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ரீபுரொடக்டிவ் கோயர்ஷன்’ என்று பெயர். எலிசபெத் மில்லர் குழுவினர் 2010இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வுக்குப் பின் பரவிய சொல். ‘கோயர்ஷன்’ இலத்தீன் வழி வந்தது. வேர்ப்பொருள், அடைத்து வைத்தல்.

தமிழில் ‘இனப்பெருக்க வற்புறுத்தல்’ என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு உடன்பாடில்லை. இனப்பெருக்கம் உயிரியல் பாடத்துச் சொல். வற்புறுத்தலோ, விருந்தாளியை இன்னொரு இட்லி வைத்துக்கொள்ளச் சொல்வதற்கும் வழங்குவது. சங்கப் பாடல்களின் துறைக் குறிப்புகளில் ‘தோழி வற்புறுத்தியது’ என்றால், பிரிவில் வாடும் தலைவியைத் தேற்றி உறுதியூட்டினாள் என்று பொருள். அந்தச் சொல்லை அடி உதைக்கு ஆக்க மனம் வரவில்லை. ‘மகப்பேற்றுக் கட்டாயம்’ பொருந்தும். ‘பெறு’, ‘பெறாதே’ இரண்டில் எதைத் திணித்தாலும் கட்டாயம்தான்.

இந்தியச் சட்டப் பிரிவு எதிலும் இந்தப் பெயர் இல்லை, வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை என்று இழிவுபடுத்துவதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. ‘பொட்டப் புள்ளையாவே பெத்துப் போடறா’ என்ற குத்தல் பேச்சும் சட்டப்படி வன்முறை. சம்மதமின்றிக் கருவைக் கலைத்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 89ஆம் பிரிவின்படி ஆயுள் சிறைவரை போகலாம்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் விரிவானபோது சேர்ந்த மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. கிருஷ்ணகிரி அப்போது அதற்குள்தான் இருந்தது. கருவின் பாலினம் சொல்லும் திருட்டு ஸ்கேன் கும்பல்கள் இந்த வட்டாரத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. புகார் கொடுத்தால் தானும் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் பெண்களின் வாயை அடைக்கிறது. அந்தப் பயம் வேண்டாம். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, மறுப்புச் சான்று வராதவரை, கணவரோ உறவினரோ அந்தப் பெண்ணை ஸ்கேனுக்குக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும்.

அடுத்த முட்டுக்கட்டை கணவர் கையெழுத்து. 18 வயது நிறைந்தவளின் கருக்கலைப்புக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். 20 வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்து. குறிப்பிட்ட நிலைகளில் 24 வாரம்வரை இரு மருத்துவர் கருத்து. கணவரின் வன்புணர்ச்சியால் உண்டான கருவும் அந்த நிலைகளில் அடங்கும் என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேசனுக்கும் கணவர் சம்மதம் தேவையில்லை என்பதே அரசு வழிகாட்டுதல். ‘வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா’ என்று திருப்பி அனுப்பினால், அந்த விதியைக் கேட்டு வாங்குங்கள்.

பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகம் வழியாகப் பாதுகாப்பு அலுவலரை அணுகினால், படிவம் 1இல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். மனு நீதிமன்றத்துக்குக் கிடைத்ததிலிருந்து பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம். நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையைக் கணவர் மீறினால் 1 ஆண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கறிஞர் இலவசம், எண் 15100. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது.

மனு வலுவிழப்பது பெரும்பாலும் எழுத்தில். ‘கொடுமை செய்தார்’ என்று மட்டும் எழுதினால் நீதிபதிக்குப் பிடி கிடைக்காது. ‘மாட்டுப் பொங்கல் அன்று காலை மாத்திரை அட்டையைப் பிடுங்கி அடுப்பில் போட்டார், தடுத்தேன், கையை முறுக்கினார், மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்’ என்று எழுதி, தாய் சேய் அட்டை, ஸ்கேன் சீட்டு, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் நகலைச் சேருங்கள். அசலைப் பிறந்த வீட்டில் வையுங்கள்.