'மாட்' என்னும் அங்குலக் கணக்கு

மினி ஸ்கர்ட், கழுத்தோடு ஒட்டி வெட்டிய முடி, கறுப்பு வெள்ளைக் கட்டம், கண்ணைச் சுற்றி அடர்ந்த மை. 1960களின் லண்டனை நினைத்தால் கண்முன் வருகிற படம் இது. இந்த உடைப்பாணிக்குப் பெயர் 'மாட்' (mod). அப்போது இந்தியாவில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைகளிலும் இந்தச் சொல் நிறைய புழங்கியது. நம் பேச்சில் மட்டும் அது தனியாக நிற்காமல் 'மாடர்ன் டிரெஸ்' என்பதற்குள் போய்க் கரைந்துவிட்டது. கரைந்ததில் அதன் பொருளில் பாதி தொலைந்தும் போனது. அந்தப் பாதியைத் தேடி எடுக்காமல் இதற்குத் தமிழ்ச்சொல் காண முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் எழுத்துச் சிக்கல் ஒன்று. ஆங்கிலத்தின் அந்தக் குறுகிய, அகன்ற ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. 'மோட்' என்று எழுதினால் வேறு சொல்லாகிவிடும். 'மாட்' என்று எழுதினால் மாட்டுத் தொழுவம் நினைவுக்கு வரும். 'மாடல்ல மற்றை யவை' என்ற குறளில் செல்வம் என்ற பொருளில் வரும் மாடும் நினைவுக்கு வரலாம். இரண்டுக்கும் இதற்கும் உறவில்லை. இந்தக் கட்டுரையில் 'மாட்' என்றே எழுதுகிறேன்.

சொல் 'மாடர்னிஸ்ட்' என்பதன் சுருக்கம். அது துணிக்கடையில் பிறக்கவில்லை, இசைத்தட்டுக் கடையில் பிறந்தது. 1950களின் பிற்பகுதியில் லண்டனில் ஜாஸ் கேட்பவர்கள் இரண்டு அணியாக இருந்தார்கள். பழைய நியூ ஆர்லியன்ஸ் முறை ஜாஸைக் கேட்டவர்கள் 'ட்ராட்'. மரபு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் வெட்டு அது. சார்லி பார்க்கர், மைல்ஸ் டேவிஸ் வழியில் வந்த மாடர்ன் ஜாஸைக் கேட்டவர்கள் 'மாடர்னிஸ்ட்'. மைல்ஸ் டேவிஸின் இசைத்தட்டு உறைகளில் அவர் போட்டிருந்த சட்டையையும் கோட்டையும் அந்தப் பையன்கள் இசையைப் போலவே கூர்ந்து படித்தார்கள். கொஞ்ச காலத்தில் இசைக்கு வைத்த பெயர் உடைக்கு மாறியது, பெயரின் வாலும் அறுந்தது.

இன்னும் பின்னால் போனால் லத்தீன் 'மோதோ'. 'இப்போதுதான்', 'சற்று முன்' என்று பொருள். 'இன்று' என்பதற்கான 'ஹோதியே' என்ற சொல்லிலிருந்து 'ஹோதியெர்னுஸ்', அதாவது 'இன்றைய', என்ற சொல் உண்டானதைப் பார்த்து, 'மோதோ'விலிருந்து 'மோதெர்னுஸ்' என்று ஆக்கிக்கொண்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் ரோம அறிஞர் காசியோடோரஸ் எழுத்துகளிலேயே இது வருகிறது. நேர்ப்பொருள் 'இப்போதைய'. ஆனால் 'மோதோ'வுக்கும் மூலமான 'மோதுஸ்' என்ற சொல்லுக்கு அளவு என்றும் முறை என்றும் பொருள். உடைநடையைக் குறிக்கும் பிரெஞ்சு 'மோத்' என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததுதான். ஆக, 'மாடர்ன்' என்ற சொல்லின் அடியில் இரண்டு பொருள் படிந்திருக்கிறது: இப்போது என்பது ஒன்று, அளவு என்பது மற்றொன்று. லண்டன் பையன்களுக்கு லத்தீன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இருந்தும், அவர்கள் வாழ்ந்து காட்டியது இந்த இரண்டையும்தான்.

அளவு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் மாட்களின் உலகமே இஞ்சு டேப்பில் இருந்தது. கோட் குட்டையாக, உடலோடு ஒட்டி, மூன்று பட்டனோடு, ஒடுங்கிய காலர் மடிப்போடு இருக்க வேண்டும். அது ரோம் நகரத் தையல் முறை. 1950களின் நடுவில் செசில் ஜீ போன்ற லண்டன் கடைக்காரர்கள் கொண்டுவந்தது. கோட்டின் பக்கவாட்டு வெட்டு எத்தனை அங்குலம், பேண்ட் அடிப்பகுதி எத்தனை அங்குலம் என்பதில் வாரத்துக்கு ஒரு தீர்ப்பு வந்தது. போன வார அளவில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தவன் பின்தங்கியவன். கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் போகிறவனை 'முகம்' என்று அழைத்தார்கள்.

இவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர். ஈஸ்ட் எண்ட், ஸ்டாம்ஃபோர்ட் ஹில் போன்ற பகுதிகளின் தொழிலாளர் குடும்பங்களும் சிறு வணிகர் குடும்பங்களும்தான். தையல் தொழிலில் இருந்த யூதக் குடும்பங்கள் அங்கே நிறைய. பையன்களுக்குத் துணியின் தரமும் தையல் நுணுக்கமும் வீட்டுப் பேச்சாகவே காதில் விழுந்தன. 1962இல் ஒரு லண்டன் மாத இதழ் இவர்களைப் பற்றி எழுதியபோது அதில் நடுநாயகமாக நின்றவன் மார்க் ஃபெல்ட் என்ற பதின்வயதுப் பையன். பிற்பாடு மார்க் போலன் என்ற பெயரில் பாடகராக உலகுக்குத் தெரிந்தவர்.

ஏன் அந்தக் காலத்தில், ஏன் அந்த ஊரில்? போருக்குப் பின் பிரிட்டனில் துணிக்கு இருந்த ரேஷன் 1949இல்தான் முடிந்தது. கட்டாய ராணுவச் சேவைக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றது. அதுவரை பதினெட்டு வயதில் முடியை வெட்டிச் சீருடையை மாட்டிக்கொண்டு போன இளைஞன், இப்போது வேலைக்குப் போய் வாரக் கூலியைக் கையில் வாங்கினான். அந்தக் கூலியில் பெரும்பங்கு தையல்காரரிடம் போனது. அஞ்சல் பிரிப்பதிலும் அலுவலக எடுபிடி வேலையிலும் பகல் கழிந்தாலும், மாலையில் வார்டர் தெருவின் ஃபிளமிங்கோ கிளப்புக்குள் அவன் நுழையும்போது முதலாளியைவிட நன்றாக உடுத்தியிருப்பான். பீட்டர் மீடன் என்பவர், த ஹூ இசைக்குழுவை அதன் தொடக்க காலத்தில் நடத்தியவர், மாட் என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: நெருக்கடியான சூழ்நிலையில் சுத்தமாக வாழ்வது. நான் படித்தவரையில் இதைவிடச் சரியான விளக்கம் வேறில்லை. அந்தச் சுத்தத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. இரவு முழுக்க ஆடுவதற்குத் தூக்கத்தை விரட்டும் ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளைப் பலர் விழுங்கினார்கள்.

பார்கா என்ற தொளதொள அங்கியும் ஸ்கூட்டரும் இந்தக் கணக்கில்தான் வந்து சேர்ந்தன. கடைசி ரயில் போன பிறகு வீடு திரும்ப ஒரு வண்டி வேண்டும். கோட்டில் எண்ணெய்க் கறை படக் கூடாது. மோட்டார் சைக்கிளில் எஞ்சின் திறந்து கிடக்கும். இத்தாலிய வெஸ்பாவிலும் லாம்ப்ரெட்டாவிலும் அது தகட்டுக்குள் மூடிக் கிடக்கும், காலுக்கு முன்னால் ஒரு மறைப்பும் உண்டு. மழைக்கும் புழுதிக்கும் கோட்டின்மேல் போட, கொரியப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ பார்கா உபரிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. இன்றைக்கு மாட் என்றாலே பார்காவைத்தான் படமாகப் போடுகிறார்கள். அதை மாட்டிக்கொண்டதே உள்ளே இருக்கும் கோட்டைக் காப்பாற்றத்தான்.

இதுவரை சொன்னது சொல்லின் முதல் பொருள். இரண்டாம் பொருள் 1963 வாக்கில் கிளைத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய வெள்ளிக்கிழமை இசைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றும், அதன் தொகுப்பாளர் கேத்தி மெக்கவனும் லண்டனின் புதுப் பாணிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்த ஜான் ஸ்டீஃபன் கார்னபி தெருவில் கடைமேல் கடையாகத் திறந்து, தையல்காரரிடம் காத்திருந்து வாங்க வேண்டியதை ஆயத்த ஆடையாக விற்றார். 1964இல் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் கடற்கரைகளில் மாட்களும், தோல் சட்டை போட்டு மோட்டார் சைக்கிளில் திரிந்த 'ராக்கர்' இளைஞர்களும் மோதிக்கொண்டார்கள். நாளிதழ்கள் அந்தச் சில்லறைச் சண்டைகளை ஊதிப் பெருக்கின. அந்தப் பெருக்கலை ஆராய்ந்துதான் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் 1972இல் 'ஒழுக்கப் பீதி' என்ற கருத்தை, அதாவது ஒரு கூட்டத்தால் சமூகமே கெட்டுவிடும் என்று ஊதிப் பெருக்கப்படும் அச்சத்தை, விளக்கி எழுதினார். நாட்டில் எல்லோருக்கும் சொல் தெரிந்துவிட்டது. தெரிந்த வேகத்தில் பொருள் விரிந்து, புதிதாக வரும் எந்த உடையும் 'மாட்' ஆனது.

பெண்களின் உடை இந்த இரண்டாம் பொருளில்தான் ஓங்கி நின்றது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மேரி குவான்ட் 1955இலேயே செல்சியின் கிங்ஸ் ரோட்டில் 'பஜார்' என்ற கடையைத் திறந்திருந்தார். குட்டைப் பாவாடைக்கு, தனக்குப் பிடித்த மினி காரின் பெயரை வைத்தார். அதைக் கண்டுபிடித்தது தானல்ல, இன்னும் குட்டையாக வெட்டு என்று கேட்ட கிங்ஸ் ரோட்டுப் பெண்கள்தான் என்று அவரே சொன்னார். பாரிஸில் ஆந்த்ரே கூரேஜ் 1964இல் காட்டிய வெள்ளை பூட்ஸும் குட்டை உடையும் இதே ஓட்டத்தில் கலந்தன. விடால் சசூன் முடியைக் கணக்குப் பாடத்து வடிவம் போல வெட்டினார். பார்பரா ஹுலானிக்கியின் 'பீபா' 1964இல் டெய்லி மிரர் வழியாக விற்ற ஒரு இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட கவுனுக்கு 17,000 பேர் பணம் அனுப்பினார்கள். அம்மா போட்டதையே சின்ன அளவில் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு, தன் வயதுக்கென்று ஓர் உடை முதல்முறையாகத் தன் சம்பளத்துக்குள் கிடைத்தது. 1966இல் 'இந்த ஆண்டின் முகம்' என்று ஒரு நாளிதழ் அறிவித்த மாடல் அழகி ட்விகிக்கு அப்போது வயது 16.

அமெரிக்காவுக்குப் போனபோது சொல் இன்னும் தளர்ந்தது. பளிச்சென்ற பூப்போட்ட சட்டை, அகன்ற டை, நேரு ஜாக்கெட் எல்லாமே அங்கே 'மாட்'. முதல் பொருளுக்கு நேர் எதிரில் போய் நின்றது சொல். அரை அங்குலத்துக்காகச் சண்டை போட்ட பையன்களிடமிருந்து, கண்ணைப் பறிக்கும் எதற்கும் ஒட்டுகிற சீட்டாக அது மாறிவிட்டது. இன்றைய ஆங்கில அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. நாம் மொழிபெயர்க்கும்போது எது எங்கே வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

1967 வாக்கில் அலை ஓய்ந்தது. ஒரு சாரார் ஹிப்பிகளோடு போனார்கள், இன்னொரு சாரார் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஸ்கின்ஹெட் ஆனார்கள். 1979இல் ஒரு திரைப்படமும் பால் வெல்லரின் த ஜாம் இசைக்குழுவும் அதைத் திரும்பக் கொண்டுவந்தன. 1990களின் பிரிட்டிஷ் இசைக்குழுக்கள் மறுபடியும் எடுத்தன. 2000க்குப் பிறகு ஹெடி ஸ்லிமான் டியோர் நிறுவனத்துக்கு வடிவமைத்த ஒடுங்கிய கோட்டுகளில் அந்தப் பழைய இஞ்சு டேப்பின் தடம் இருக்கிறது. ஃபிரெட் பெரி சட்டையும், முழங்காலுக்கு மேல் நிற்கும் நேர்கோட்டு கவுனும், கிளார்க்ஸ் டெசர்ட் பூட்ஸும் வழக்கொழியவே இல்லை.

இதில் நம் பக்கத்துக்கும் இரண்டு இழை உண்டு. முதல் மாட்கள் விரும்பிய அமெரிக்கக் கல்லூரி உடைகளில் ஒன்று மெட்ராஸ் கட்டம் போட்ட கோட். நம் லுங்கிக் கட்டம், கைத்தறிப் பருத்தி. சாயம் போகும் என்பதையே பெருமையாக்கி, 'நிச்சயம் சாயம் போகும்' என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்தார்கள். இன்னொன்று லாம்ப்ரெட்டா. பம்பாயில் உரிமம் பெற்றுத் தயாரித்தார்கள். பிறகு இத்தாலிய ஆலையின் இயந்திரங்களே, 1972இல் தொடங்கிய ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்துக்காக லக்னோ வந்தன. நம் ஊர்களில் துருப்பிடித்து நின்ற பழைய வண்டிகளைப் பிரிட்டனின் மாட் ரசிகர்கள் தேடி வாங்கிக் கொண்டுபோனார்கள்.

இனித் தமிழ்ச்சொல். 'நவீன உடை' என்பது 'மாடர்ன்' என்பதற்குப் பொருந்தும், மாட் என்பதற்குப் பொருந்தாது. நவீனத்துக்கு ஆண்டு கிடையாது, மாட் ஒரு பத்தாண்டின் பெயர். 'நவநாகரிகம்' நகரத்தையும் வசதியையும் சேர்த்துச் சொல்கிறது. அந்தச் சொல்லில் எப்போதும் ஒரு மெல்லிய கண்டிப்பு ஒலிக்கிறது, மகளைப் பார்த்து அப்பா சொல்வதுபோல. 'மோஸ்தர்' எனக்கு மிகவும் பிடித்த பழைய சொல். போர்த்துகீசிய 'மொஸ்த்ரா'விலிருந்து, மாதிரித் துண்டு என்ற பொருளில் வந்தது. தையல் கடைக்கு அத்தனை பொருத்தம்! ஆனால் அது ஃபேஷன் என்பதன் பொதுச்சொல், ஓர் இயக்கத்தின் பெயராகாது. 'புதுப்பாங்கு' நெருங்கி வருகிறது. பாங்கு என்றால் முறை, ஒழுங்கு. லத்தீன் 'மோதுஸ்' கிட்டத்தட்ட அதுவே. ஆனாலும் அதைச் சொல்லும்போது துணி தெரிகிறது, துணிக்குள் நிமிர்ந்து நிற்கும் பையன் தெரியவில்லை.

அவனைக் காட்டும் சொல் 'மிடுக்கு'. வலிமை என்ற பழைய பொருளிலிருந்து, கச்சிதமாக உடுத்தி நிமிர்ந்து நடக்கும் தோரணைக்கு வந்துசேர்ந்த சொல். உடையையும் உடுத்தியவனையும் ஒன்றாகப் பிடிக்கிறது. அதனால் என் பரிந்துரை 'புதுமிடுக்கு'. லண்டன் இயக்கத்தைப் பெயராகச் சொல்லும் இடத்தில் 'மாட்' என்றே எழுதலாம். ஜாஸை ஜாஸ் என்று எழுதுகிற மாதிரி. பாணியை விளக்கும் இடத்தில் 'புதுமிடுக்கு', அப்படி உடுத்துகிறவர்கள் 'புதுமிடுக்கர்'. அமெரிக்கப் பொருளில் வரும் பூப்போட்ட சட்டைக்கு இது வேண்டாம். அங்கே 'பகட்டுப் பாணி' போதும்.

சொல் காகிதத்தில் சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்று, எங்கள் தெருமுனையில் நாற்பது வருடமாகக் கத்தரி பிடிக்கும் தையல்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "புதுமிடுக்கா ஒரு கோட் வேணும்னு சொன்னா என்னண்ணே புரிஞ்சுக்குவீங்க?"

அவர் சற்று யோசித்தார். "மிடுக்குன்னா லூஸ் வைக்கக் கூடாது தம்பி, அது புரியுது. புதுசுன்னா எந்த வருசத்துப் புதுசு?"

1962 என்றேன். மூணு பட்டனா, ரெண்டா என்று கேட்டுக்கொண்டே தோளிலிருந்த டேப்பை இழுத்தார்.