சொல் விளக்கம்: திரைச்சீலை

சென்ற மாதம் எங்கள் வீட்டு ஜன்னல் துணிகளை மாற்றினோம். மேற்கு ஜன்னலில் தொங்கியது வெயிலில் இற்றுப்போய், துவைக்க எடுத்தபோதே கையோடு கிழிந்தது. புதியது வாங்கப் போன இடத்தில் அம்மா 'ஸ்கிரீன் துணி' என்று கேட்டார். கடைக்காரர் 'கர்ட்டனா, பிளைண்ட்ஸா?' என்றார். திரைச்சீலை என்ற சொல் அங்கே யார் வாயிலும் வரவில்லை. எனக்கு அது உறுத்தியது.

திரை என்பது நம் மொழியின் அழகான சொற்களில் ஒன்று. கடல் அலை திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கமும் திரை. நரை திரை என்கிறோம். கெட்ட பால் திரைந்துபோகிறது. வேட்டியை மடித்துச் சுருக்குவதும் திரைத்தல்தான். சுருங்கி மடிவது என்ற பொருள் இவற்றில் எல்லாம் ஓடுகிறது. ஜன்னலில் தொங்கும் துணிக்கும் மடிப்புதானே உயிர்! நான்கடி ஜன்னலுக்கு எட்டடி அகலத் துணி எடுக்கச் சொல்வது அந்த மடிப்புக்காகத்தான். அளவாக வெட்டி மாட்டினால் போர்வையைக் காயப்போட்டதுபோல் இருக்கும். சீலை என்றால் துணி, சேலையும் அதுவே. பழைய சேலையைக் கயிற்றில் கோத்து ஜன்னலை மறைத்த வீடுகளில், திரைச்சீலை என்ற பெயர் எழுத்துக்கு எழுத்து உண்மை.

கர்ட்டன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன லத்தீன் சொல். படுதா, பாரசீகத்துப் 'பர்தா'. ஜன்னல்கூடப் போர்த்துகீசிய 'ஜனெலா' தந்ததுதான். ஆனால் அது நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. அதை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காற்று வரும் வழி என்ற பொருளில் 'காலதர்' என்று சிலப்பதிகாரம் சொல்வதையும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

திரைக்கு இன்னொரு பழம்பெயர் எழினி. முல்லைப்பாட்டில் பாசறையில் அரசன் துயிலும் இடம், 'திண்ஞாண் எழினி வாங்கிய ஈரறைப் பள்ளி'. ஞாண் என்பது கயிறு. உறுதியான கயிற்றில் திரையை இழுத்துக் கட்டி ஓரிடத்தை இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இன்னும் நுட்பமானது. மாதவி ஆடிய அரங்கில் மூன்று வகைத் திரைகள்: ஒருபுறமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இருபுறமிருந்தும் வந்து நடுவில் சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி.

கடைக்காரர் எங்களுக்குக் காட்டிய மாதிரிகளும் ஏறத்தாழ இவைதாம். ஒற்றைத் துணி, இரட்டைத் துணி, மேலே உருளையில் சுருண்டு கீழே இறங்கும் ரோலர் பிளைண்ட்ஸ். பெயர்தான் நம்மிடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே துணியாலானதைத் திரைச்சீலை என்றே சொல்லலாம். 'பிளைண்ட்ஸ்' என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் தேடி அலைய வேண்டாம். இளங்கோவடிகள் பார்த்ததுபோல், அது எப்படி அசைகிறது என்று பார்த்தால் பெயர் தானாக வரும். சுருண்டு ஏறுவது சுருள்திரை. கிடைமட்டப் பட்டைகளை அடுக்கி, கயிற்றை இழுத்துச் சாய்ப்பது பட்டைத்திரை.

எங்கள் கூடத்துக்கு இரட்டைத் திரைச்சீலை வாங்கினோம். சமையலறை ஜன்னலுக்கு, அடுப்புப் பக்கம் துணி பறக்காமல் இருக்கச் சுருள்திரை. ரசீதில் 'ரோலர்' என்றுதான் எழுதித் தந்தார்கள். வீட்டில் அம்மா இப்போது 'சுருளை இறக்கு' என்கிறார்.